இரண்டு தொண்ணூற்றாறு

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இதைச் சொன்னதும் பலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவசியமில்லை, காது நன்றாகவே கேட்கிறது. நான் எழுத உட்கார்ந்தது கண்ணைப் பற்றி அல்ல, ஒரு மலையைப் பற்றி. அதில் ஏறிய கதையை இருபது வருடங்களுக்கு மேலாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைப் பற்றி.

மலை என்று நான்தான் சொல்கிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பொத்தை அது. எங்கள் பக்கம் பாறைக் குன்றுகளை அப்படித்தான் சொல்வோம். பாதி வழியில் இடும்பன் கோயில், உச்சியில் முருகன். இடும்பனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போக வேண்டும் என்பது வழக்கம். மேற்கே நிற்கும் பெரிய மலைக்கு முன்னால் இது ஒரு பிள்ளைப்பூச்சி என்பார்கள். நான் இரண்டையும் பார்த்ததில்லை என்பதால் எனக்கு இதுவே தாராளம்.

எட்டாம் வகுப்பு வரை விடுதியோடு சேர்ந்த பார்வையற்றோர் பள்ளியில் படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அப்பா என்னை வீட்டுக்குப் பக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில் சேர்த்துவிட்டார். வகுப்பறையில் எல்லோரோடும் சேர்ந்துதான் படித்தேன். பி.டி. பீரியட் வந்தால் மட்டும் என்னை வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார வைத்துவிடுவார்கள். விளையாடப் போகிறவர்கள் வாட்ச், கம்மல், கொலுசு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். கண் தெரியாதவளைக் காவலுக்கு வைத்த ஒரே பள்ளி அதுவாகத்தான் இருக்கும். ஒரு தடவை கோகோ ஆட்டத்தில் விழுந்து ஒருத்திக்குப் பல் உடைந்தது. அந்தப் பல்லையும் காகிதத்தில் மடித்து என்னிடம்தான் கொடுத்தார்கள்.

அந்த வருடம் பாதியில் ஒரு பி.டி. சார் மாற்றலாகி வந்தார். முதல் நாளே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார்.

"இந்தப் பிள்ள எதுக்கு இங்க உக்காந்திருக்கு?"

"அவளுக்குக் கண்ணு தெரியாது சார்" என்று நாலைந்து பேர் கோரஸாகச் சொன்னார்கள்.

"அது தெரியுது. காலு இருக்குல்லா?"

அவர் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றைப் பாதியாக வெட்டினார். ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "இவகூட யாரு ஓடுதா?" என்று கேட்டார்.  ஒருத்தி வந்து அடுத்த முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் அவள். மற்றவர்களோடு ஓடியிருந்தால் அந்த வருட விளையாட்டு விழாவில் கோப்பை அவளுக்குத்தான். அதை விட்டுவிட்டு என்னோடு ஓடினாள். அன்றிலிருந்து அவள் என் தோழி.

"நேரா வா. நேரா. செத்த எடது. பள்ளம் ஒண்ணு வருது, தாண்டு." அவள் சொல்லச் சொல்ல நான் ஓடினேன். விடுதியில் நாங்கள் வேகமாக நடந்ததுகூடக் கிடையாது, சுவரைத் தடவித் தடவித்தான் நடப்போம். காற்று எதிரே வந்து முகத்தில் அடிக்கும் என்று எனக்குப் பதினான்கு வயதில்தான் தெரிந்தது. முதல் நாள் ஓட்டத்தை நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டே நின்றேன். சார் தண்ணீர் கொடுத்தார்.

ஓடாத நேரத்திலும் அவள் என்னோடுதான் இருந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன், அவள் பேசிக்கொண்டே வருவாள். இன்றைக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது, கணக்கு சார் மீசையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, ஆறாவது பெஞ்சுக்காரி அழுதிருக்கிறாள், மூக்கு சிவந்திருக்கிறது. அவள் சொன்னதுதான் எனக்கு ஊர். அவள் சொன்ன முகங்கள்தான் எனக்கு மனிதர்கள். நான் பார்க்க எப்படி இருக்கிறேன் என்பதைக்கூட அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நன்றாக இருக்கிறேன் என்றாள்.

அடுத்த வருடம் சார் ஒரு சனிக்கிழமை வகுப்பையே பொத்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். பாறை, செடி, பறவை எல்லாம் பார்க்க வேண்டும், கடைசியில் உச்சிக்கு ஏற வேண்டும். "ஒருத்தர் விடாம எல்லாரும்" என்று சொல்லும்போது என் பெஞ்சுப் பக்கம் குரலைத் திருப்பிச் சொன்னார். வீட்டில் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒங்க பிள்ளைய உச்சியில நிப்பாட்டிக் கூட்டிட்டு வாரது என் பொறுப்பு தாயி. என்னைய நம்பி அனுப்புங்க."

அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அவள் காபி போட்டாளென்றால் சம்மதம் என்று அர்த்தம்.

பொத்தையின் அடிவாரத்தில் ஒரு இளநீர்க் கடை இருந்தது. கடைக்காரர் டிரான்சிஸ்டரில் பாட்டு வைத்திருந்தார். சார் விசில் அடித்ததும் எல்லோரும் தடதடவென்று ஏறினார்கள். "நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவரும் போனார். எனக்குப் படிகளை எண்ணும் பழக்கம் உண்டு. பார்வையில்லாத எல்லோருக்கும் கொஞ்சமாவது இருக்கும். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு, பள்ளி வாசலுக்கு நான்கு. பொத்தைப் படிகள் சீராக, கல் பாவி இருந்தன. தொண்ணூற்றாறில் நின்றன.

"இடும்பன் கோயிலு. வெளிய நின்னே கும்பிட்டுக்கோ" என்றாள். கும்பிட்டேன். பிறகு அவள் என்னைச் சரளைக்கல் பாதை ஒன்றில் கூட்டிப்போனாள். பாதை கீழே இறங்கியது.

"ஏட்டி, ஏன் எறங்குதோம்?"

"மலைன்னா அப்பிடித்தான் இருக்கும். ஒரு ஏத்தம், ஒரு எறக்கம். பொறவு திரும்ப ஏத்தம்."

நான் அதுவரை மலையே ஏறியதில்லை. இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இறக்கம் முடிந்த இடத்தில் டிரான்சிஸ்டர் சத்தம் கேட்டது.

"கீழ கேட்ட பாட்டுப்பெட்டி மாரி இருக்கே?"

"மேல போற ஒரு ஆளு கையில வச்சிருக்காரு."

மறுபடியும் படி. எண்ணினேன். தொண்ணூற்றாறு. கட்டினவன் கணக்குப் பிசகாமல் கட்டியிருக்கிறான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"வந்துட்டோம்! உச்சி!" என்று அவள் கத்தினாள். ஒரு மண்டபத்துக்குள் கூட்டிப்போய் என் கையைத் தூக்கி மணியைத் தொட வைத்தாள். மூன்று தடவை அடித்தேன். பிறகு மண்டபத்து ஓரத்தில், காற்று வீசும் இடத்தில் என்னை நிறுத்தி, என் கையைப் பிடித்து ஒவ்வொரு திசையாக நீட்டிக் காட்டினாள்.

"அந்தா, அங்க ஸ்ரீவில்லிபுத்தூரு கோபுரம். தனியா நிக்குது, சுத்தி வீடெல்லாம் அதோட காலடியில கெடக்கு. இந்தப் பக்கம் நம்ம ஊரு. மில்லு புகைக்கூண்டு ரெண்டு தெரியுது. நடுவுல கம்மா, தண்ணி தகடு மாரி மின்னுது. ரோட்டுல பஸ்ஸு போகுது, தீப்பெட்டி கணக்கா. அம்புட்டு பேரும் நமக்குக் கீழ இருக்காக."

எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. எல்லோரும் எனக்குக் கீழே. அதை நினைத்து நான் அங்கேயே அழுதேன். அவளும் அழுதாள். அவள் ஏன் அழுகிறாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இறங்கும் பாதையில் படியே இல்லை, சரிவுதான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் பேசிக்கொண்டே வந்தோம். அடிவாரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. "நாமதான் மொதல்ல எறங்கிருக்கோம்" என்றாள். அதற்கும் பெருமைப்பட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வகுப்பு முழுவதும் இறங்கி வந்து என்னைச் சுற்றி நின்று கைதட்டியது. சார் என் தலையில் கை வைத்து "சபாஷ்" என்றார். திங்கட்கிழமை பிரேயரில் என்னை மேடையேற்றி, மலையேறியதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

அந்த மலை என்னை எங்கெல்லாமோ கொண்டுபோனது. தனியாக மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரிக்குப் போகும்போது, பஸ்ஸில் ஒருவன் வம்பு செய்து நான் அவன் சட்டையைப் பிடித்தபோது, வேலைக்கான நேர்காணலில் "உங்களால் முடியுமாம்மா" என்று இழுத்தபோது, ஒவ்வொரு முறையும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு படி ஏறினவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று சொல்லிக்கொள்வேன். ஆசிரியையாகி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசக் கூப்பிட்டபோதும் இதைத்தான் சொன்னேன். கோபுரம், புகைக்கூண்டு, தகடு மாதிரித் தண்ணீர், தீப்பெட்டி பஸ். வார்த்தை மாறாமல் சொல்வேன். என்னிடம் இருந்த ஒரே காட்சி அதுதான், அதில் கை வைக்க மனம் வராது. பழைய வகுப்புத் தோழர்கள் போனில் குரூப் ஆரம்பித்தபோது அதிலும் குரலில் பதிந்து போட்டேன். என் போன் எமோஜி முதற்கொண்டு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும். "கைதட்டும் கைகள், கைதட்டும் கைகள், கைதட்டும் கைகள்" என்று முப்பது தடவை வாசித்தது.

சில வருடங்களுக்கு முன் சார் இறந்துபோனார். துஷ்டிக்குப் போயிருந்தேன். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர்தான் என்னை மலை உச்சியில் ஏற்றினார் என்று சத்தம் போட்டுச் சொல்லி அழுதேன். என் தோழி பக்கத்தில்தான் நின்றாள். என் தோளைத் தடவிக்கொடுத்தாள். 

இப்போது நான் தளவாய்புரம் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு மங்கலாகத்தான் தெரியும், முகத்துக்கு நேரே வைத்தால்தான் எழுத்துப் பிடிபடும். இன்னொருத்திக்கு ஒரு கால் சூம்பியது, கம்பி ஷூ போட்டு நடப்பாள். பி.டி. பீரியடில் அவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்து பொறுக்காமல் எங்கள் பி.டி. சாரிடம் பேசினேன். இளவயதுக்காரர், நல்ல பையன். உடனே ஒத்துக்கொண்டார். வெளியே எங்காவது கூட்டிப்போவோம், வகுப்போடு சேர்த்து என்றார். நான் யோசிக்கவே இல்லை, பொத்தை என்றேன். "நூத்தித் தொண்ணூத்திரெண்டு படிதான் சார். பத்தாங்கிளாஸ் படிக்கும்போது நான் ஏறியிருக்கேன்."

அவர் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்.

"டீச்சர், நீங்க சொன்ன கணக்கு தப்பு. உச்சிக்கு எரநூத்தி எழுவது படிக்கு மேல வருது. மேல்பாதி படி பூராவும் பாறையில வெட்டுனது, ஒண்ணு முழங்கால் ஒசரம், ஒண்ணு சாண் ஒசரம்."

"நான் எண்ணுனது தப்பாது சார்."

"புதுசாக் கட்டுன படி இல்ல டீச்சர், பழசுதான். தேஞ்சுபோய்க் கெடக்கு." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணும் கவலப்படாதீங்க. இடும்பன் கோயில் வரைக்கும் படி அருமையா இருக்கு. எண்ணிட்டேன், தொண்ணூத்தாறு. அங்கயே ஒரு மண்டபம் இருக்கு, மணி தொங்குது, காத்தும் நல்லா வருது. நம்ம ரெண்டு பிள்ளைகளையும் அதோட நிப்பாட்டி, மணிய அடிக்கச் சொல்லி, இதான் உச்சின்னு சொல்லிட்டாப் போச்சு. பிள்ளைகளுக்கும் சந்தோசம், நமக்கும் ரிஸ்க் இல்ல. கீழ எறங்குததுக்கு டிராக்டர் போற சரளப் பாதைகூட இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. நான் தொண்ணூற்றாறை இரண்டால் பெருக்கினேன். அதற்குக் கண் தேவையில்லை.

அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.  நாற்பது பேருக்கும் தெரியும். அன்றைக்குக் கைதட்டிய நாற்பது பேருக்கும். போன் குரூப்பில் கைதட்டியவர்களுக்கும். அம்மா சட்டம் போட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும். தெரியாதது எனக்கு மட்டும்தான்.

"சார்" என்றேன், "நிப்பாட்டணும்னா நிப்பாட்டுங்க. அது தப்பே இல்ல. ஆனா நிப்பாட்டுறோம்னு அதுக கிட்ட சொல்லிட்டு நிப்பாட்டுங்க." குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. 

அன்று மாலையே அந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். இடும்பன் வரை இத்தனை படி, அதற்கு மேல் பாறைப் படி, கஷ்டம், விழவும் விழலாம். கம்பி ஷூ போட்டவள் ஒரு நொடி யோசித்துவிட்டு, "நான் இடும்பன்கிட்ட இருந்துக்கிடுதேன் டீச்சர். எனக்கு முறுக்கு வாங்கித் தந்துரணும்" என்றாள். மங்கலாகத் தெரிகிறவள் உச்சிக்கு வருவேன் என்றாள். இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதைத்தான் என்னிடமும் யாராவது கேட்டிருக்கலாம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். என் தோழி கல்யாணமாகி மடவார் வளாகத்தில் இருக்கிறாள். கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான் கடை வாசலில் கம்பைத் தட்டியதுமே, "ஏட்டி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க?" என்று ஓடி வந்து கையைப் பிடித்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பொத்தையில உச்சிக்கு எத்தன படி?" என்றேன்.

அவள் கை என் கையில் அப்படியே இருந்தது. மிஷின் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எத்தனை என்று தெரியாது என்று சொல்லியிருந்தாலோ, எந்தப் பொத்தை என்று கேட்டிருந்தாலோகூட நான் தாங்கியிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"யாரு சொன்னா?"

அப்படியென்றால் இந்தக் கேள்விக்காக அவள் இத்தனை வருடமும் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தேன். பத்திரம் நகலெடுக்க வந்த ஒருவரை அவள் பிறகு வரச் சொல்லி அனுப்பினாள்.

"சாருதான் சொன்னாரு. கெளம்பும்போது என்னையத் தனியாக் கூப்பிட்டு, மேல ரொம்பக் கஷ்டம், அவ விழுந்துட்டா நான் அவ அம்மாவுக்குப் பதில் சொல்லணும், இடும்பன்ல நிப்பாட்டிரு, ஆனா சொல்லாத, மனசு விட்டுரும்னாரு. எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தாரு."

"ரெண்டு சுத்து?"

அவள் மிஷினை நிறுத்தினாள். "அது நான்தான். ஒரு சுத்துன்னா சீக்கிரம் முடிஞ்சிரும், நீ கண்டுபிடிச்சிருவன்னு பயந்தேன்."

சார் சொன்ன பொய் ஒரு வரிப் பொய். அதைக் கூட்டி, பெருக்கி, டிரான்சிஸ்டருக்கு ஒரு ஆளை இட்டுக்கட்டி, என்னை ஒரு குன்றைச் சுற்றிச் செக்குமாடாக நடத்தியது இவள். சார் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறவில்லை.

"அப்ப அந்தக் கோபுரம்? இடும்பன் கோயில்ல இருந்தே தெரியுமா?"

"தெரியாது. பாறை மறைச்சிரும்."

"பொறவு எப்பிடிச் சொன்ன? சுத்தி வீடெல்லாம் காலடியில கெடக்குன்னு?"

"எங்க வீட்டுக் காலண்டர்ல பாத்தது."

"கம்மா? தகடு மாரி?"

"தண்ணின்னா அப்பிடித்தான இருக்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் உச்சிக்குப் போனதே இல்லட்டி. அன்னைக்கு எல்லாரும் மேல போனாக, நான் ஒங்கூட கீழ சுத்திக்கிட்டு இருந்தேன். அதுக்கப்பொறம் அந்தப் பக்கமே போகல. பஸ்ஸுல போகும்போது அது வந்துச்சுன்னா இந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன்."

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பொய்தானே உன்னை வளர்த்தது, தைரியம் கொடுத்தது என்று அவளும் சொன்னாள், பிறகு கேள்விப்பட்ட வேறு சிலரும் சொன்னார்கள். வேண்டாம். என் தைரியத்துக்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன், அது இப்போது இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே தொடங்கிவிட்டது. கழுவிவிட்ட வானம் நிஜமா? கணக்கு சார் மீசையில் சுண்ணாம்பு இருந்ததா? ஆறாவது பெஞ்சுக்காரி அழுதாளா? நான் நன்றாக இருக்கிறேன் என்றாளே? நீங்கள் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் மற்றதைத் திரும்பிப் பார்த்துச் சரி பார்த்துக்கொள்ளலாம். நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

"வா, இப்பக் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம போவோம். உச்சிக்கே போவோம்" என்றாள்.

வேறு யாரோடும் போயிருக்கலாம். எங்கள் பி.டி. சாரே கூட்டிப்போயிருப்பார். ஆனால் அவளே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். சரி என்றேன்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். இளநீர்க் கடை இப்போது இல்லை. அவள் முழங்கையைப் பிடித்தேன். அந்த வயதில் குச்சி மாதிரி இருந்த கை இப்போது சதை போட்டிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசச் சொல்லவில்லை. இடும்பன் மண்டபத்தில் நின்று கும்பிட்டோம். அங்கே தொங்கும் மணியை நான் தொடவில்லை.

தொண்ணூற்றேழாவது படி என் முழங்கால் வரை இருந்தது. கையை ஊன்றித்தான் ஏற முடிந்தது. அதற்கடுத்தது சாய்ந்து கிடந்தது. சில இடங்களில் பக்கவாட்டில் கம்பி போட்டிருந்தார்கள், சில இடங்களில் ஒன்றுமில்லை. இரண்டு தடவை சறுக்கினேன், ஒரு தடவை முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இருநூறைத் தாண்டியதும் என் தொடை நடுங்க ஆரம்பித்தது. சார் பயந்தது பொய்யில்லை என்று அப்போது புரிந்தது. ஆனால் என்னால் முடிந்தது. பதினான்கு, பதினைந்து வயதில் இதைவிட நன்றாக முடிந்திருக்கும். அதை நினைத்தபோதுதான் இத்தனை நாள் வராத அழுகை வந்தது. அவள் தன் சேலைத் தலைப்பை என் கையில் கொடுத்தாள். நான் என் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன்.

கடைசிப் படி முடிந்து கால் சமதளத்தில் பட்டது. காற்று நாலாபக்கமும் இருந்து வந்தது.

"வந்துட்டோம்" என்றாள் மெதுவாக. "இதான் உச்சி."

பக்கத்தில் எங்கோ தென்னை மாறு தரையைக் கூட்டும் சத்தம் கேட்டது. நான் அவள் முழங்கையை விட்டேன். சத்தம் வந்த பக்கம் திரும்பினேன்.

"அண்ணாச்சி, இதான் உச்சியா? இதுக்கு மேல படி இருக்கா?"

கூட்டுகிறவர் நிறுத்தினார். "இதுக்கு மேல ஏதும்மா படி? இதான் கடைசி."

அவள் என் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவள் மூச்சு ஒரு நொடி நின்று பிறகு வந்தது எனக்குக் கேட்டது. அவள் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். இருந்தும் கேட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. இனி அவள் சொல்லும் எதையும் இன்னொரு வாயில் கேட்காமல் என்னால் நம்ப முடியாது. அது எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் அவளுக்கும் தெரிந்துபோனது.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தா..." என்று தொடங்கினாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள் அல்லவா, வாய் தானாக வந்திருக்கும். அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு கல்லில் உட்கார்ந்துவிட்டாள், சேலை உரசும் சத்தத்தில் தெரிந்தது.

நான் அவளிடம் கேட்கவில்லை. மாறு வைத்திருந்தவரிடம்தான், "அண்ணாச்சி, இங்க இருந்து என்னென்ன தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரு. இந்தப் பக்கம் ராஜபாளையம். நடுவுல வயக்காடு, ரோடு. வேற என்ன தெரியும்?"

அவ்வளவுதான் சொன்னார். கோபுரம் தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கோபுரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தார். எல்லாம் உண்மைதான். அவளைப் போல அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.